கனடா படிப்பு விசா: ஏஜென்சிக்குக் காசு கட்ட முதல் பாக்க வேண்டியது

அக்கா, நீங்கள் கேட்டதை முதல்ல சுருக்கிச் சொல்லிப்போட்டுத் தொடங்கிறன், வாசிக்கிற மற்றாக்களுக்கும் விளங்கோணும். மகன் ஏஎல் முடிச்சிட்டார். ரவுணுக்க இருக்கிற ஒரு ஏஜென்சியால ஒன்ராறியோவில ஒரு கொலிஜ்ல ரெண்டு வருச டிப்ளோமாவுக்கு ஒஃபர் லெட்டர் வந்திருக்கு. எல்லாம் சேத்து 35 லட்சம், அதில 15 லட்சத்தை இந்தக் கிழமைக்குள்ள காசாக் கட்டச் சொல்லினம், விசா நூறு வீதம் உறுதி, பாங்க் பலன்சும் தாங்களே காட்டுவினமாம். அத்தார் காணி உறுதியை ஈட்டுக்கு வைக்க ஆயத்தம். ரொறன்ரோவில இருக்கிற உங்கட தம்பி எண்டா கனடா இப்ப மூடியாச்சு, காசைக் கரைக்காதேங்கோ எண்டு சொல்லுறார். ஆரை நம்பிறது எண்டு கேட்டிருக்கிறியள்.

நான் ரொறன்ரோவில ஒரு கொலிஜ்ல வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில வேலை செய்தனான், இப்ப திருநெல்வேலியில இருக்கிறன், தெரிஞ்ச பிள்ளையளின்ர பேப்பருகளைப் பாத்துச் சொல்லுறனான், அதுக்குக் காசு வாங்கிறேல்ல. லைசன்ஸ் எடுத்த குடிவரவு ஆலோசகர் இல்லை எண்டதையும் முதலே சொல்லிப்போடுறன்.

இந்தக் கிழமை ஒரு சதமும் கட்டாதேங்கோ. காணி உறுதியும் வீட்டிலயே இருக்கட்டும். அவசரப்படுத்திறது, உறுதி எண்டுறது, பற்றுச்சீட்டு இல்லாமக் கையில காசு கேக்கிறது, இந்த மூண்டும் ஒரே வாயில இருந்து வந்தா அதுக்குப் பிறகு அங்க கதைக்கிறதுக்கு ஒண்டுமில்லை. விசா குடுக்கிறது கனடா குடிவரவுத் திணைக்களத்து அதிகாரி, ஐஆர்சிசி எண்டு சொல்லுறது, அவர் என்ன முடிவெடுப்பார் எண்டு ஒஃபர் தந்த கொலிஜாலயே உறுதி சொல்ல ஏலாது, பிறகு யாழ்ப்பாணத்தில ஒரு ஒபிஸ் வைச்சிருக்கிறவர் எப்பிடிச் சொல்லுவார்?

தம்பி சொன்னதும் முழுக்கப் பிழை இல்லை. கனடா மூடேல்ல, ஆனா 2024க்கு முந்தி இருந்த கனடா இப்ப இல்லை. 2024 ஜனவரியில வெளிநாட்டு மாணவருக்கு எண்ணிக்கைக் கட்டுப்பாடு கொண்டுவந்தவை, அதோட சேந்து மாகாண அரசாங்கத்தின்ர அத்தாட்சிக் கடிதம் ஒண்டும் வேணும் எண்டு வந்தது, பிஏஎல் எண்டு சொல்லுவினம். அது கொலிஜ் மூலமாத்தான் வரும். டிப்ளோமாவுக்குப் போற பிள்ளை அந்தக் கடிதம் இல்லாமல் அப்ளிகேசன் போட்டா எடுத்துப் பாக்காமலே திருப்பி அனுப்பிவிடுவினம். நீங்கள் எழுதினதில ஒஃபர் லெட்டர் மட்டும்தான் இருக்கு, பிஏஎல் பற்றி ஒரு கதையும் இல்லை, அதை முதல் கேளுங்கோ. 2026 ஜனவரி 1ல இருந்து அரச கல்வி நிறுவனங்களில மாஸ்டர்ஸ், பிஎச்டி செய்யப் போறவைக்கு இந்தக் கடிதம் தேவையில்லை எண்டு மாத்தியிருக்கினம். அந்தச் செய்தியைப் பாதியாப் பிடிச்சுக்கொண்டு இப்ப ஒருத்தருக்கும் பிஏஎல் தேவையில்லை எண்டு சொல்லுறாக்கள் இருக்கினம், உங்கட மகனுக்கு அது பொருந்தாது.

அடுத்தது காசு, இதிலதான் கனக்க எழுதோணும். முந்தி கனடா போற பிள்ளை ஒரு வருசச் சீவியச் செலவுக்கு 10,000 டொலர் காட்டினாக் காணும். 2024 ஜனவரியில அது 20,635 ஆச்சு, 2025 செப்டம்பர் 1ல இருந்து 22,895 கனேடிய டொலர். எங்கட காசுக்கு கிட்டத்தட்ட 50 லட்சம். இது தனியச் சீவியச் செலவுக்கு மட்டும், முதல் வருசப் பீசும் போற செலவும் இதுக்கு மேல. இப்ப ஏஜென்சி சொன்ன 35 லட்சத்தை இதோட வைச்சுப் பாருங்கோ. அது எதுக்கான காசு? ஸ்டடி பேர்மிட்டுக்கு அரசாங்கம் எடுக்கிற கட்டணம் 150 டொலர், கைரேகை குடுக்கிற பயோமெட்ரிக்சுக்கு 85 டொலர், ரெண்டும் சேத்து எங்கட காசுக்கு 50 ஆயிரம் ரூபா அளவிலதான் வரும். மெடிக்கல் ஒண்டு இருக்கு, அதையும் கொழும்பில அவை அங்கீகரிச்ச டொக்டரிட்ட நேர காசு கட்டித்தான் செய்யிறது. மிச்சம் எல்லாம் கொலிஜ்ட பீஸ் எண்டா அதுக்குக் கொலிஜ் தந்த பில் இருக்கோணும், அந்தப் பில்லில மகன்ர பேரும் மாணவர் இலக்கமும் இருக்கோணும். ஏஜென்சியின்ர லெட்டர்ஹெட்டில அடிச்ச கணக்கு பில் இல்லை.

ஏஜென்சியள் எல்லாம் களவு எண்டு நான் சொல்ல வரேல்ல. கன கொலிஜும் யூனிவேர்சிற்றியும் பிள்ளை சேந்தாப்பிறகு ஏஜென்சிக்குக் கொமிசன் குடுக்கிறவை, அதாலதான் நேர்மையான ஏஜென்சியள் பிள்ளையிட்டச் சின்னக் காசோட, சிலவை ஒரு சதமும் வாங்காமலே செய்து குடுக்கினம். அப்பிடியான ஆக்களும் யாழ்ப்பாணத்தில இருக்கினம். ஆனா அவையும் தங்களுக்குக் கொமிசன் தாற கொலிஜுக்குத்தான் பிள்ளையைத் தள்ளுவினம் எண்டதை மனசில வைச்சிருங்கோ.

பாங்க் பலன்ஸ் நாங்களே காட்டுவம் எண்டு சொன்னவை எண்டு எழுதியிருந்தியள், எனக்கு அதை வாசிக்கத்தான் நெஞ்சு பதறினது. அது நடக்கிறது ரெண்டு விதம். ஒண்டு, ஆரோ ஒருத்தற்ற காசை வட்டிக்கு எடுத்து உங்கட எக்கவுண்டில கொஞ்ச நாளைக்குப் போட்டு, பாங்க்ல கடிதம் எடுத்தவுடன திருப்பி எடுக்கிறது. மற்றது, ஸ்டேட்மென்டையே கள்ளமா அடிக்கிறது. கனடா கேக்கிறது கடைசி நாலு மாச ஸ்டேட்மென்ட், சும்மா கிடந்த எக்கவுண்டில திடீரெண்டு 60, 70 லட்சம் வந்து விழுந்தா இந்தக் காசு எங்கால எண்டதுதான் அதிகாரி கேக்கிற முதல் கேள்வி. கள்ளப் பேப்பர் எண்டு பிடிபட்டா அது வெறும் ரிஜெக்ட் இல்லை, பொய்த் தகவல் குடுத்தது எண்டு பதிஞ்சு அஞ்சு வருசத்துக்கு மகன் கனடாவுக்கு ஒண்டுக்கும் விண்ணப்பிக்க ஏலாமப் போகும். தடை விழுறது மகன்ர பேரில, ஏஜென்சிக்காரன்ர பேரில இல்லை, அவர் அடுத்த பிள்ளையோட தொடங்கிடுவார்.

உங்களிட்ட உண்மையா இருக்கிற வழி தம்பிதான். அவர் ஸ்பொன்சர் பண்ணலாம், அதில வெக்கப்பட ஒண்டுமில்லை, எங்கட ஊரில முக்காவாசிப் பிள்ளையள் மாமா, சித்தப்பா காசிலதான் படிக்கப் போகினம், அதிகாரிக்கும் அது தெரியும். அவற்ற பாங்க் ஸ்டேட்மென்ட், வேலைக் கடிதம், வருமான வரி கட்டின நோட்டீஸ், நீங்கள் ரெண்டு பேரும் சகோதரங்கள் எண்டு காட்டுற பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள், தான் இவ்வளவு காசு தாறன் ஏன் தாறன் எண்டு அவர் தன்ர வாயால எழுதின கடிதம், இவ்வளவும் வைச்சா அது ஒரு நேர்மையான ஃபைல். காணி உறுதியையும் வலுவேசன் ரிப்போட்டையும் சேத்து வைக்கலாம், ஊரில சொத்து இருக்கு, பிள்ளை திரும்பி வர ஒரு காரணம் இருக்கு எண்டு காட்ட அது உதவும், ஆனா காணி பாங்க்ல கிடக்கிற காசு இல்லை, அதை வைச்சு மட்டும் பீஸ் கட்டுவம் எண்டு நம்ப மாட்டினம்.

அக்கா, இதுதான் நான் ஆரைக் கண்டாலும் சொல்லுறது, அப்ளிகேசன் உங்கட மகன்ர கையில இருக்கோணும். ஐஆர்சிசி எக்கவுண்டை மகன் தன்ர சொந்த ஈமெயில்லதான் திறக்கோணும், பாஸ்வேட் அவரிட்டத்தான் இருக்கோணும், கடைசிப் பட்டனை அமத்த முதல் ஒவ்வொரு பக்கத்தையும் அவர் தானே வாசிக்கோணும். சாவகச்சேரிப் பக்கத்துப் பிள்ளை ஒண்டு ஃபைலைக் கொண்டுவந்து காட்டினது. தாயும் பிள்ளையும் அடுக்கி வைச்சிருந்த பேப்பர் எல்லாம் உண்மை, பாங்க் காசு உண்மை, ரிசல்ட் நல்லம். அப்ளிகேசன் படிவத்தை வாங்கிப் பாத்தா ஈமெயில் ஏஜென்சியின்ர, போன் நம்பரும் ஏஜென்சியின்ர, முந்தி வேற நாட்டு விசா மறுத்திருக்கோ எண்ட கேள்விக்கு இல்லை எண்டு போட்டிருக்கு. அந்தப் பிள்ளைக்கு அதுக்கு முதல் வருசம் லண்டன் மறுத்தது. ஏனம்மா இப்பிடிப் போட்டனியள் எண்டு கேட்டன், அந்தப் பக்கத்தைத் தான் கண்ணாலயே காணேல்ல எண்டு அழுதுது, கையெழுத்துப் பக்கத்தை மட்டும் வட்சப்பில அனுப்பிச் சைன் வைக்கச் சொன்னவையாம். கனடா, அமெரிக்கா, பிரித்தானியா, ஒஸ்ரேலியா, நியூசிலாந்து அஞ்சு நாடும் குடிவரவுத் தகவலைத் தங்களுக்க பரிமாறிறவை, லண்டன் மறுத்தது அவைக்குத் தெரிய வரும். மறுத்ததைச் சொல்லி ஏன் எண்டு விளக்கம் எழுதியிருந்தா அது ஒரு பிரச்சினையே இல்லை.

பாஸ்போட் ஒறிஜினலையும் அங்க விடாதேங்கோ. கனடா அப்ளிகேசனுக்கு ஸ்கான் கொப்பி காணும், விசா சரிவந்து பாஸ்போட்டை அனுப்பு எண்டு அவை கேட்டாப்பிறகுதான் விசாப் பேப்பர் வாங்கிற விஎஃப்எஸ் நிலையத்தில குடுக்கிறது. இப்ப 2025 செப்டம்பரில இருந்து யாழ்ப்பாணக் கச்சேரியிலயே பாஸ்போட் எடுக்கலாம், அதுக்கும் இடையில ஒருத்தர் தேவையில்லை.

ஒஃபர் லெட்டர் உண்மையோ எண்டு பாக்கிறது நீங்கள் நினைக்கிற அளவு கஸ்டம் இல்லை. வெளிநாட்டுப் பிள்ளையளை எடுக்க அனுமதி உள்ள நிறுவனங்களின்ர பட்டியல் கனடா அரசாங்கத்தின்ர இணையத்தளத்தில இருக்கு, ஒவ்வொண்டுக்கும் டிஎல்ஐ எண்டு ஒரு இலக்கம், அது ஆங்கில ‘ஓ’ எழுத்தில தொடங்கும். லெட்டரில இருக்கிற இலக்கமும் பட்டியல்ல இருக்கிறதும் ஒண்டோ எண்டு பாருங்கோ. பிறகு கொலிஜ்ட சொந்தத் தளத்தில அட்மிசன் ஈமெயிலைத் தேடி எடுத்து, லெட்டரில இருக்கிறதை எடுக்காதேங்கோ, மகன் தன்ர பேர், பிறந்த திகதி, மாணவர் இலக்கம் போட்டு எனக்கு இந்த ஒஃபர் தந்தது உண்மையோ, எவ்வளவு கட்டியிருக்கு, விசா மறுத்தா எவ்வளவு திருப்பித் தருவியள் எண்டு மூண்டு வரி எழுதினாக் காணும். பதில் போடுறது அவையின்ர வேலை, நானே அந்தக் கதிரையில இருந்து அப்பிடிக் கனக்கப் பதில் போட்டிருக்கிறன். 2023ல பஞ்சாப் பக்கத்துப் பிள்ளையள் கன பேரின்ர அட்மிசன் கடிதம் கள்ளம் எண்டு கனடா போய்ப் படிச்சு முடிஞ்சாப்பிறகு தெரியவந்து, நாடு கடத்திற நிலைமைக்கு வந்து பெரிய போராட்டமே நடந்தது. அதுக்குப் பிறகு 2023 டிசம்பர் 1ல இருந்து ஒவ்வொரு கடிதத்தையும் கொலிஜ் ஐஆர்சிசிக்கு நேர உறுதிப்படுத்தோணும் எண்டு விதி வந்திட்டுது. அதால இப்ப கள்ளக் கடிதம் விசா வரைக்கும் போறது கஸ்டம், ஆனா ஏஜென்சி காசு வாங்கிற வரைக்கும் நல்லாப் போகும்.

கனடா குடிவரவு விசயமாக் காசு வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்ல ஆருக்கு உரிமை இருக்கு எண்டதும் தெரிஞ்சிருங்கோ. அங்கத்தைய சட்டத்தரணியள், கியூபெக் நொத்தாரிசுமார், அதைவிட்டா குடிவரவு ஆலோசகர்களுக்கு லைசன்ஸ் குடுக்கிற ஆலோசகர் கல்லூரி எண்டுற அமைப்பில பதிஞ்ச ஆர்சிஐசி எண்டுற ஆக்கள், அவையின்ர பேரும் இலக்கமும் பொதுப் பதிவேட்டில இருக்கு, ஆரும் தேடிப் பாக்கலாம். ஒருத்தர் உங்களுக்காக விண்ணப்பிக்கிறார் எண்டா பிரதிநிதிப் படிவத்தில அவற்ற பேர் இருக்கோணும், ஐஎம்எம் 5476 எண்டது அந்தப் படிவம். செய்யிறது முழுக்கத் தாங்கள், பேப்பரில எங்கயும் பேர் இல்லை எண்டா ஏன் ஒளிக்கினம்? சுவரில தொங்கிற வியாபாரப் பதிவுச் சான்றிதழ் கடை வைக்கிறதுக்கான அனுமதி. வேலைவாய்ப்புப் பணியக லைசன்ஸ் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பிறதுக்கான அனுமதி. படிப்பு விசாவுக்கு ரெண்டுமே ஒரு பொறுப்பும் சொல்லாது.

சரி, கடிதம் உண்மை, காசும் இருக்கு எண்டு வைப்பம். இன்னும் ஒண்டு இருக்கு, ஏஜென்சி வாயே திறக்காத விசயம். படிச்சு முடிஞ்சாப்பிறகு வேலை செய்யிற பேர்மிட், பிஜிடபிள்யூபி, முந்தி மாதிரி எல்லாருக்கும் இல்லை. 2024 நவம்பர் 1க்குப் பிறகு ஸ்டடி பேர்மிட்டுக்கு விண்ணப்பிச்சவை கொலிஜ் டிப்ளோமா செய்தா, அந்தப் படிப்புத் துறை அரசாங்கத்தின்ர பட்டியல்ல இருக்கோணும், ஆங்கிலத்தில, கனடாவின்ர மொழித் தர அளவான சிஎல்பியில, 5ம் எடுக்கோணும். பட்டம் செய்யிறவைக்குத் துறைக் கட்டுப்பாடு இல்லை, ஆனா சிஎல்பி 7 வேணும். ஒவ்வொரு கோர்சுக்கும் ஆறு இலக்கத்தில சிஐபி கோட் எண்டு ஒண்டு இருக்கு, மகன்ர கோர்சின்ர கோட்டைக் கொலிஜ்லயே கேட்டு எடுத்துப் பட்டியல்ல தேடுங்கோ. பிஸ்னஸ் மனேஜ்மென்ட், ஹொஸ்பிற்றாலிற்றி மாதிரிக் கோர்சுகளுக்குத்தான் இஞ்ச கனக்கப் பிள்ளையளைச் சேர்க்கினம், அதுகள்ள கனக்க அந்தப் பட்டியல்ல இல்லை. அரசாங்கக் கொலிஜ்ட பேரைப் போட்டுக்கொண்டு தனியார் நிறுவனம் நடத்திற கோர்சுகளும் இருக்கு, 2024 மே 15க்குப் பிறகு அதில சேந்தவைக்கு வேலைப் பேர்மிட்டே இல்லை. ரெண்டு வருசம் படிச்சு, காணியையும் ஈட்டில விட்டுப்போட்டு, முடிய நாட்டை விட்டுப் போ எண்டு சொல்லுறது எவ்வளவு கொடுமை.

படிச்சுக்கொண்டே வேலை செய்து பீஸ் கட்டலாம் எண்ட கதையையும் கணக்குப் போட்டுப் பாருங்கோ. படிப்பு நடக்கிற காலத்தில கிழமைக்கு 24 மணித்தியாலம்தான், 2024 நவம்பரில இருந்து. ஒன்ராறியோவில ஆகக்குறைஞ்ச சம்பளம் 2025 ஒக்ரோபரில இருந்து மணிக்கு 17.60. வேலை உடன கிடைச்சு, 24 மணித்தியாலமும் முழுசாக் கிடைச்சாலும் கிழமைக்கு 422 டொலர், வரிப் பிடிப்புக்கு முதல். அறை வாடகையும் சாப்பாடும் பஸ்சும் போக அதில பீஸ் கட்ட மிஞ்சாது.

விசிட் விசாவில போய் அங்க மாத்தலாம் எண்டு ஆரும் சொன்னா எழும்பி வாங்கோ. விசிட்டில போனவை உள்ளுக்க இருந்தே வேலைப் பேர்மிட்டுக்கு விண்ணப்பிக்கலாம் எண்டு கொரோனா காலத்தில ஒரு தற்காலிகச் சலுகை இருந்தது, அதை 2024 ஓகஸ்ட் 28ல நிப்பாட்டிப் போட்டினம். ஸ்டடி பேர்மிட்டுக்கும் உள்ளுக்க இருந்து விண்ணப்பிக்கிறது குறிப்பிட்ட சில ஆக்களுக்கு மட்டும்தான். வெளிநாட்டு ஆளை வேலைக்கு எடுக்க முதலாளிக்குக் குடுக்கிற எல்எம்ஐஏ அனுமதியை வாங்கித் தாறம், பிஆர் எண்டுற நிரந்தர வதிவிடத்துக்குப் புள்ளி கூடும் எண்டு விக்கிறாக்களும் இருக்கினம், அந்த வேலைப் புள்ளியை 2025 மார்ச் 25ல எடுத்தாச்சு. போய் இறங்கி அசைலம் அடிக்கலாம், அகதியாப் பதியலாம் எண்டு சொல்லுறதை ஏஜென்சியிட்டக் கேட்டு முடிவெடுக்காதேங்கோ, உண்மையாப் பாதுகாப்புத் தேவைப்படுற ஆள் எண்டா அதுக்குச் சட்டத்தரணி இருக்கிறார். ரஷ்யாவில படிப்பு, வேலை எண்டு போன எங்கட பொடியள் சண்டைக் களத்தில நிண்ட கதையும், தாய்லாந்தில கொம்பியூட்டர் வேலை எண்டு போனவை மியன்மாரில மோசடிக் கும்பலிட்ட அடைபட்டுக் கிடந்த கதையும் தெரியும்தானே. நாட்டின்ர பேர் நடுவில மாறினா, ரிக்கற் வேற ஊருக்குப் போட்டா, பிள்ளை அந்தப் பிளேனில ஏறக் கூடாது.

பீஸ் கட்டுறது எப்பிடி எண்டும் சொல்லவேணும். பாங்க்ல ஒஃபர் லெட்டரையும் பில்லையும் குடுத்து மகன்ர மாணவர் இலக்கத்தோட நேர கொலிஜ்ட எக்கவுண்டுக்கு அனுப்புங்கோ. பாங்குக்கு வெளிய கைமாத்தி அனுப்பிற உண்டியல்ல வேண்டாம், காசு எங்கால வந்தது எண்டு பிறகு காட்ட உங்களிட்ட ஒரு துண்டும் இருக்காது. இப்ப புதுசா ஒண்டு ஓடுது, அங்க இருக்கிற ஆள் தன்ர கார்ட்டால பீசைக் கட்டிவிடுவார், நீங்கள் இஞ்ச ரூபாயில பத்து வீதம் குறைச்சுக் குடுத்தாச் சரி எண்டு. கொலிஜ்ட இணையப் பக்கத்தில பீஸ் கட்டியாச்சு எண்டு காட்டும், நீங்களும் நம்பிக் காசைக் குடுப்பியள், கொஞ்ச நாளால அது களவெடுத்த கார்ட் எண்டு தெரிஞ்சு பாங்க் அந்தக் காசைத் திருப்பி எடுத்திடும். பீஸ் கட்டேல்ல, காசும் போட்டுது, மோசடியில மகன்ர பேரும் வந்திடும்.

லண்டன், ஒஸ்ரேலியா எப்பிடி எண்டும் ஒரு வரி கேட்டிருந்தியள். லண்டன்ல 2024 ஜனவரியில இருந்து ஆராய்ச்சிப் படிப்பு, அரசாங்கப் புலமைப்பரிசில் தவிர மற்றவை குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போக ஏலாது, படிச்சு முடிய இருக்கிற ரெண்டு வருச விசா 2027 ஜனவரி 1ல இருந்து விண்ணப்பிக்கிற பட்டதாரியளுக்கு 18 மாசம். பாங்க்ல 28 நாள் தொடர்ந்து காசு கிடக்கோணும். கெயார் வேலை விசாவுக்கு வெளிநாட்டில இருந்து புதுசா ஆள் எடுக்கிறதை 2025 ஜூலை 22ல நிப்பாட்டியாச்சு, அதுக்கு இப்பவும் காசு வாங்கிறவை இருந்தா அது பச்சைக் களவு. ஒஸ்ரேலியாவில விசாக் கட்டணமே 2,000 ஒஸ்ரேலிய டொலர், மறுத்தாத் திருப்பித் தரமாட்டினம், சீவியச் செலவுக்கு 29,710 டொலர் காட்டோணும், அதால அங்க சும்மா போட்டுப் பாப்பம் எண்டு போடுறது நல்ல யோசினை இல்லை.

விசா கிடைச்சுப் போனாப்பிறகும் வேற விதமான ஆக்கள் காத்துக்கொண்டிருப்பினம். வீடு காணாமல், தம்பியோ தெரிஞ்ச ஆளோ நேர போய்ப் பாக்காமல், அட்வான்ஸ் அனுப்பக் கூடாது. ஒன்ராறியோவில வீட்டுக்காரர் கடைசி மாச வாடகையைத்தான் முற்பணமா எடுக்கலாம், டமேஜ் டிப்பொசிற் எண்டு கேக்கிறது சட்டத்துக்கு மாறு. ஆனா ஸ்காபரோவில எங்கட ஆக்களின்ர வீட்டில அறை எடுத்துக் குசினியையோ பாத்ரூமையோ வீட்டுக்காரரோட சேந்து பாவிச்சா அந்த வாடகைச் சட்டமே பொருந்தாது, அது கன பிள்ளையளுக்குத் தெரியாது, அப்பிடியான இடத்தில கதைச்சதை எழுத்தில, வட்சப்பில எண்டாலும், வாங்கி வைக்கோணும். குடிவரவு ஒபிஸ், வரி ஒபிஸ் எண்டு போன் அடிச்சு உடன காசு கட்டு இல்லாட்டி டிப்போட் எண்டு வெருட்டுவினம், கிஃப்ட் கார்ட் வாங்கச் சொல்லுவினம், அரசாங்கம் அப்பிடிப் போன்ல தண்டம் கேக்கிறேல்ல. உன்ர பாங்க் எக்கவுண்டைக் கொஞ்ச நாளைக்குத் தா, காசு வரும், ஒரு பங்கு உனக்கு எண்டு கேக்கிறவன் கூடப் படிக்கிற எங்கட பொடியனா இருந்தாலும் குடுக்கக் கூடாது, அது களவுக் காசு கைமாத்திற வேலை, எக்கவுண்டையும் மூடி வழக்கும் வரும்.

தமிழ்க் கடையில கையில காசு தாறம் எண்டு ஆகக்குறைஞ்ச சம்பளத்திலும் பாக்கக் குறைச்சுக் குடுத்து, கேட்டா உன்ர விசாவை இல்லாமச் செய்வன் எண்டு வெருட்டின கதையள் என்ர மேசைக்குக் கன தரம் வந்தது. முதலாளிக்கு அந்த அதிகாரம் இல்லை. மாணவருக்கும் மற்றத் தொழிலாளிக்கு இருக்கிற அதே சம்பள உரிமை இருக்கு. ஒவ்வொரு கொலிஜிலயும் வெளிநாட்டு மாணவர் அலுவலகம் இருக்கு, போறது இலவசம், சொன்னது வெளிய போகாது, கன இடத்தில லைசன்ஸ் எடுத்த குடிவரவு ஆலோசகரே உள்ளுக்க இருப்பார், மகன் போய் முதல் கிழமையே அங்க முகத்தைக் காட்டட்டும். கம்பஸ் ஃபூட் பாங்க்ல சாமான் எடுக்கிறது பிச்சை இல்லை, அது மாணவருக்காக வைச்சிருக்கிறது. சட்டப் பிரச்சினை எண்டாச் சமூகச் சட்ட உதவி நிலையங்கள் இருக்கு, தெற்காசிய ஆக்களுக்கெண்டே ரொறன்ரோவில ஒண்டு இருக்கு, எங்க போறது எண்டு தெரியாட்டி 211க்கு அடிச்சா மொழிபெயர்ப்பாளரோட கதைக்கலாம். மனசு ஏலாமப் போனா 988 எண்ட உதவி இலக்கத்துக்கு அடிக்கலாம், இரவு பகல் எந்நேரமும். இதை நான் சும்மா கடைசியாச் சேர்க்கேல்ல அக்கா. காணி ஈட்டில கிடக்கு எண்டு தெரிஞ்ச பிள்ளை சோதினை பெயில் எண்டதையும் வேலை போனதையும் வீட்டில சொல்லாது, வீடியோ கோல்ல சிரிச்சுக் கதைக்கும், ஏமாத்துறவனிட்ட அகப்படுறதும் அந்த நேரத்திலதான். எது நடந்தாலும் எங்களிட்டச் சொல்லு, ஏச மாட்டம் எண்டு போக முதல் அத்தார் அவரை இருத்தி ஒருக்காச் சொல்லட்டும்.

மறுத்தா என்ன செய்யிறது எண்டும் கேட்டிருக்கிறியள். அதே பேப்பரை அப்பிடியே திருப்பிப் போடாதேங்கோ. 2025 ஜூலைக் கடைசியில இருந்து சில மறுப்புக் கடிதங்களோட அதிகாரி எழுதின குறிப்பையும் சேத்து அனுப்பினம், அது வராட்டித் தம்பி அங்க இருந்து 5 டொலர் கட்டித் தகவல் சட்டத்தில கேட்டு எடுக்கலாம், மகன்ர சம்மதக் கையெழுத்து வேணும். எதில சந்தேகப்பட்டவை எண்டது அதில இருக்கும், அதுக்கு மறுமொழி இருந்தா மட்டும் திருப்பிப் போடுங்கோ. ஏற்கெனவே காசு குடுத்து ஏமாந்தாக்கள் இதை வாசிச்சா, வட்சப் மெசேஜ், பாங்க் சிலிப், குரல் பதிவு ஒண்டையும் அழிக்காமல் பொலிசில முறைப்பாடு போடுங்கோ, வேலை எண்டு சொல்லி வாங்கினதெண்டா வேலைவாய்ப்புப் பணியகத்தின்ர 1989க்கும் அடியுங்கோ. வெக்கத்தில பேசாமல் இருந்தா அதே ஆள் அடுத்த றோட்டில பேரை மாத்திக் கடை திறப்பார்.

இப்ப நீங்கள் செய்ய வேண்டியது, இண்டைக்கு இரவே மகனைக் கொண்டு கொலிஜுக்கு அந்த மூண்டு வரி ஈமெயிலைப் போடுவியுங்கோ, ஏஜென்சியிட்ட 35 லட்சத்தைப் பிரிச்சு எழுத்தில தரச் சொல்லுங்கோ. கொலிஜ்ல பதில் வர ரெண்டு மூண்டு நாள் எடுக்கும். வந்தாப்பிறகு கோர்ஸ்ட பேரையும் சிஐபி கோட்டையும் எனக்கு எழுதுங்கோ, பட்டியல்ல இருக்கோ எண்டு பாத்துச் சொல்லுறன். பாஸ்போட் நம்பர், பாங்க் ஸ்டேட்மென்ட் ஒண்டையும் எனக்கும் அனுப்ப வேண்டாம்.